பழைய ஹாமண்ட், ரோட்ஸ், வுர்லிட்சர் ஆகியவற்றுக்கு டிஜிட்டல் நகல்கள் ஈடாகுமா?

மேல்மாடம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டொராண்டோவில் நான் வாசிக்கும் தேவாலயத்தில் ஹாமண்ட் சி-3 ஆர்கன் ஒன்றும் லெஸ்லி 122 என்னும் சுழல் ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றும் இருக்கின்றன. பதினொரு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் அவற்றில்தான் வாசித்து வருகிறேன். இப்போது நிர்வாகக் குழுவினர் இரண்டையும் விற்றுவிட்டு, இரட்டை வரிசைக் கட்டைகள் கொண்ட டிஜிட்டல் ஆர்கன் ஒன்றை வாங்கலாம் என்கிறார்கள். எடை குறையும், பழுதுபார்ப்பவரைத் தேடி அலைய வேண்டியதில்லை, இளைஞர் குழு கேட்கும் எலக்ட்ரிக் பியானோ ஒலிகளும் அதிலேயே கிடைக்கும் என்பவை அவர்கள் சொல்லும் காரணங்கள். மூன்றுமே நியாயமானவை.

முடிவெடுப்பதற்கு முன் என் கருத்தைக் கேட்டிருக்கிறார்கள். "பழையதுதான் நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவர எனக்கு மனமில்லை. என் வீட்டில் இருக்கும் டிஜிட்டல் கீபோர்டில் ஹாமண்ட் ஆர்கன், ரோட்ஸ், வுர்லிட்சர் எலக்ட்ரிக் பியானோக்கள் ஆகிய மூன்றின் ஒலிகளும் உள்ளன; ஹெட்போனில் கேட்கும்போது அவற்றில் பெரிய குறை எதுவும் எனக்குத் தெரிவதில்லை. ஆனால் தேவாலயத்தில் சி-3-இன் முன்னால் அமர்ந்தவுடன் வேறோர் உலகத்துக்குள் வந்துவிட்டதை உடல் உணர்கிறது. அந்த வேறுபாடு கருவியின் எந்த இடத்தில் பிறக்கிறது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால், குழுவினரிடம் நேர்மையாகப் பேச எனக்கு உதவியாக இருக்கும்.

அலைவடிவம் எழுதியது:

ஒலி மாடலிங் மென்பொருள், அதாவது ஒரு கருவி ஒலியை உண்டாக்கும் விதத்தையே கணக்கிட்டு நகலெடுக்கும் மென்பொருள், எழுதுவது என் தொழில் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். மின்-இயந்திரக் கருவிகள் அனைத்திலும் டிஜிட்டலில் நகலெடுக்க எளிதானது ஹாமண்டின் ஒலியாக்கிதான். லாரன்ஸ் ஹாமண்ட் கடிகாரங்கள் செய்தவர். 1935-இல் வெளிவந்த அவருடைய முதல் ஆர்கனின் உள்ளே இருந்ததும் மின்சாரக் கடிகாரத்தில் சுழலும் அதே வகை மோட்டார்தான். பி-3, அதே உள்ளமைப்பும் வேறு மரப்பெட்டியும் கொண்ட சி-3 ஆகியவற்றில் 91 பல்சக்கரங்கள் ஒரே மோட்டாரால் சுழல்கின்றன. ஒவ்வொரு சக்கரத்தின் முன்னும் காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கின்றன; சக்கரத்தின் பற்கள் காந்த முனையைக் கடக்கும் வேகமே சுருதியாகிறது. மோட்டார் நொடிக்கு 20 சுற்று சுழல்கிறது. அதை 88-க்கு 64 என்ற பல்லிணை விகிதத்தில் மாற்றி, 16 பற்கள் கொண்ட சக்கரத்துக்குக் கொடுத்தால் 'ஏ' சுரத்துக்குரிய 440 ஹெர்ட்ஸ் துல்லியமாக வருகிறது. மற்ற சுரங்களுக்கு இத்தனை துல்லியமான விகிதம் அமைவதில்லை. நடு 'சி' 261.63-ஆக இருக்க வேண்டிய இடத்தில் 261.54 மட்டுமே கிடைக்கிறது. காதுக்குத் தெரியாத இந்தச் சிறு விலகல்கள்கூட நல்ல மென்பொருள்களில் அப்படியே எழுதப்பட்டிருக்கின்றன.

கட்டையை அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் 91 சக்கரங்களும் சுழன்றுகொண்டேதான் இருக்கும். கட்டை செய்வதெல்லாம் ஓடுகிற ஒலிக்கு வழிதிறப்பது மட்டுமே. ஒரு சக்கரத்தை ஒரே நேரத்தில் மூன்று கட்டைகள் கேட்டால், மூன்று தனி ஒலிகள் ஒன்றாகச் சேர்வதில்லை. ஒரே ஒலி சற்று உரத்துக் கேட்கும், அதுவும் மூன்று மடங்காக அல்ல. ஆகவே ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியே ஒலிப்பதிவு செய்து அடுக்கிய பழைய சாம்பிள் கீபோர்டுகள், பல கட்டைகளை ஒன்றாக வாசிக்கும்போது பிழையாகவே ஒலித்தன. மாடலிங் முறையில் 91 அலைகளை எந்நேரமும் ஓடவிட்டால் இந்தச் சிக்கலே எழுவதில்லை. பக்கத்துச் சக்கரங்களிலிருந்து கசியும் ஒலி, உச்சச் சக்கரத்தின் எல்லையான ஏறத்தாழ 5,900 ஹெர்ட்ஸுக்கு மேல் போக முடியாமல் ஓர் எட்டுச்சுரம் (ஒரு ஸ்தாயி) கீழே மடங்கி வரும் ஒத்திசைகள், மூப்படைந்த மின்தேக்கிகளால் மங்கிப்போன மேற்சுரங்கள் ஆகிய எல்லாவற்றையும் இன்று எழுதிவிட முடிகிறது. ஒலியாக்கியைப் பொறுத்தவரை இந்த வேலை முடிந்துவிட்டது என்பதே என் கருத்து.

இரவுமேடை எழுதியது:

அலைவடிவம் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் கட்டையை ஒரு கதவாக மட்டும் பார்க்கிறார். வாசிக்கிறவருக்குக் கருவியே அங்குதான் தொடங்குகிறது. ஜாஸ் குழுவில் பல ஆண்டுகள் பி-3 வாசித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

ஒவ்வொரு கட்டையின் அடியிலும் ஒன்பது தொடுமுனைகள் இருக்கின்றன, ஒன்பது டிராபார்களுக்கு (ஒத்திசைகளின் அளவை இழுத்துக் கூட்டவும் குறைக்கவும் உதவும் பட்டைகள்) ஒன்பது. கட்டை இறங்கும்போது அவை ஒரே கணத்தில் தொடுவதில்லை; ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுகின்றன. அந்த வரிசையும் கட்டைக்குக் கட்டை மாறும். வேகமாக அடித்தால் அந்தச் சிதறல் முழுவதும் 'டிக்' என்ற ஒற்றை ஒலியாக முன்னால் வந்து நிற்கிறது. ஹாமண்ட் நிறுவனத்தினர் இதைக் குறையாகக் கருதிக் குறைக்கப் பார்த்தார்கள். ஜாஸ் ஆர்கன் கலைஞர் ஜிம்மி ஸ்மித்தைப் போன்றவர்களோ இதையே தாளத்தின் முனையாக மாற்றிக்கொண்டார்கள். கட்டையை மிக மெதுவாக இறக்கினால், ஒத்திசைகள் ஒவ்வொன்றாக மலர்வதைக் கேட்கலாம். கட்டையைப் பாதியில் நிறுத்தினால் ஒலியும் பாதியில் நிற்கும். சாதாரண டிஜிட்டல் கீபோர்டில் ஒரு கட்டைக்கு ஒரே தொடக்கக் கணம்தான் உண்டு. அதன்பின் வரும் 'டிக்' எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், அது என் விரல் செய்ததல்ல. பல தொடுமுனைகளுடன் வெளிவந்திருக்கும் புதிய கருவிகளை வாசித்துப் பார்த்திருக்கிறேன். அவை இந்த வேறுபாட்டை வெகுவாகக் குறைத்துவிட்டன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மேல்மாடம் தம்பி, உங்கள் குழு வாங்க நினைக்கும் கருவி அந்த வகையா, ஒற்றைத் தொடுமுனை வகையா என்பதை முதலில் கேட்டறியுங்கள்.

கட்டையை அழுத்தும் கணத்தில் கூர்மையான, உடனே தேயும் ஒலியைச் சேர்க்கும் 'பெர்கஷன்' வசதியையும் இத்துடன் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு கட்டையை விடாமல் அடுத்ததை அழுத்தினால் பெர்கஷன் ஒலிக்காது. எல்லாக் கட்டைகளையும் விட்ட பிறகுதான் அது மறுபடி உயிர்பெறும். அதனால் வரியைப் பிரித்துப் பிரித்து வாசிக்கும் பழக்கம் தானாகவே வந்துவிடுகிறது. பெர்கஷனைப் போட்டவுடன் ஒன்பதாவது டிராபார் மௌனமாகிவிடும், ஏனென்றால் அதன் தொடுமுனையைத்தான் பெர்கஷன் கடன் வாங்குகிறது. இவை இரண்டையும் இன்றைய டிஜிட்டல் ஆர்கன்களில் பல சரியாகவே செய்கின்றன.

அலைவடிவம் எழுதியது:

இரவுமேடை அக்கா சொன்ன தொடுமுனை விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன். ஒலியைக் கேட்பவருக்கும் வாசிப்பவருக்கும் இடையில் இருக்கும் வேறுபாடு அது. பதிவில் கேட்கிறவர் அதை அறியாமலே போகலாம்.

ஆனால் கேட்பவரும் உணரக்கூடிய பெரிய வேறுபாடு லெஸ்லியில் இருக்கிறது, அங்கே என் துறை இன்னும் முழுமையாக வெற்றி பெறவில்லை. லெஸ்லி 122-இன் உள்ளே 40 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருக்கிறது. ஒலி 800 ஹெர்ட்ஸில் இரண்டாகப் பிரிக்கப்படுகிறது: மேற்பகுதி சுழலும் கொம்பு வழியாகவும், கீழ்ப்பகுதி ஒலிபெருக்கிக்கு அடியில் சுழலும் உருளை வழியாகவும் வெளியேறுகிறது. கொம்புக்கு இரண்டு வாய்கள் இருந்தாலும் ஒன்றிலிருந்து மட்டுமே ஒலி வரும். மற்றது எடை சமநிலைக்காக இருப்பது. வேகத்தை மாற்றும்போது இலேசான கொம்பு ஏறத்தாழ ஒரு நொடியில் வேகம் பிடித்துவிடுகிறது, கனமான உருளை பல நொடிகள் கழித்தே அதை எட்டுகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் வேறு வேறு வேகத்தில் சுழலும் அந்த இடைநேரத்தைத்தான் நாம் அனைவரும் காத்திருந்து கேட்கிறோம்.

இந்த இயக்கத்தை எழுதுவதும் கடினமல்ல. கடினமானது அறை. கொம்பு சுழலும்போது ஒலி ஒவ்வொரு கணமும் வேறொரு சுவரை நோக்கி வீசப்படுகிறது. கூரையிலிருந்தும் தூண்களிலிருந்தும் திரும்பி வரும் ஒலியின் சுருதிகூட நேரடி ஒலியின் சுருதியிலிருந்து சற்று விலகி இருக்கிறது. டிஜிட்டல் நகல் என்பது, ஏதோ ஒரு ஸ்டுடியோவில் இரண்டு மைக்குகள் முன்னால் நின்ற லெஸ்லியின் சித்திரம். ஒலிப்பதிவுகளில் நாம் கேட்டுப் பழகியதும் அதே சித்திரம் என்பதால்தான் ஹெட்போனில் நகல் நிறைவாகத் தோன்றுகிறது. அதையே இரண்டு நிலையான ஒலிபெருக்கிகள் வழியாகத் தேவாலயத்தில் வெளியிட்டால், அந்தக் கட்டடத்தின் சுவர்களோடு அதற்கு உறவே ஏற்படுவதில்லை. மேல்மாடம் அவர்களே, நீங்கள் உடலில் உணர்ந்ததாகச் சொன்னது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

பழைய ரீடு எழுதியது:

ஆர்கனைப் பற்றிய இந்த வாதங்களை அப்படியே எலக்ட்ரிக் பியானோவுக்குக் கொண்டுபோக முடியாது என்பதைச் சொல்லவே வந்தேன். ரோட்ஸ், வுர்லிட்சர் இரண்டையும் பழுதுபார்க்கும் வேலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்திருக்கிறேன். ஹாமண்டில் ஒலி ஓடிக்கொண்டே இருக்கிறது. இவற்றிலோ ஒவ்வொரு முறையும் ஒரு பொருள் இன்னொரு பொருளை அடிக்கிறது. அடியின் இயல்பு முழுவதும் ஒலிக்குள் வந்துவிடும்.

ஹாரல்ட் ரோட்ஸ் இரண்டாம் உலகப் போரின்போது, காயமுற்றுப் படுத்திருந்த அமெரிக்க வீரர்களுக்குப் பியானோ கற்பிப்பதற்காக, விமானங்களில் மிஞ்சிய அலுமினியக் குழாய்களைக் கொண்டு மடியில் வைத்து வாசிக்கும் சிறு கருவியைச் செய்தார். அந்த வழியில் வளர்ந்துதான் 1965-இல் 73 கட்டைகள் கொண்ட ரோட்ஸ் வந்தது. அதில் சுத்தியல், டைன் எனப்படும் மெல்லிய எஃகுக் கம்பியை அடிக்கிறது. அதன் மேலே கனமான உலோகப் பட்டை ஒன்று இணைந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து, ஒரு கால் மெலிந்தும் மறுகால் பருத்தும் உள்ள இசைக்கவையைப் போல அதிர்கின்றன. கம்பியின் நுனிக்கு எதிரே, அதிர்வை மின்னலையாக மாற்றும் பிக்கப் இருக்கிறது.

நுனி பிக்கப்பின் நட்டநடுவை நோக்கி நின்றால் அடிப்படைச் சுரம் அடங்கிப்போய் மேல் எட்டுச்சுரமே தூக்கலாகக் கேட்கும். சற்று மேலே ஏற்றினால் அடிப்படைச் சுரம் நிறைந்து மணியொலிபோல் வரும். பிக்கப்பை அருகில் கொண்டுவந்தால் பலமாக அடிக்கும்போது உறுமல் எழும், தள்ளி வைத்தால் ஒலி மென்மையாகும். இதைக் கட்டைக்குக் கட்டை ஸ்க்ரூடிரைவரைப் பிடித்துச் சரிசெய்ய வேண்டும். ஆகவே "ரோட்ஸ் ஒலி" என்று ஒன்று கிடையாது. ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்து வந்த இரண்டு கருவிகள்கூட, யார் கையில் வளர்ந்தன என்பதைப் பொறுத்து இரண்டு விதமாகப் பேசும். டிஜிட்டல் நகல் அந்தக் கருவிகளில் ஒன்றை, ஒரு நாளில், ஒரு நிலையில் பிடித்து வைத்தது. சில மாடலிங் மென்பொருள்களில் பிக்கப்பின் இடத்தையும் தூரத்தையும் நாமே மாற்றிக்கொள்ளலாம். சாம்பிள் முறையில் அதற்கு வழியில்லை.

இன்னொன்று, அதிர்ந்துகொண்டிருக்கும் கம்பியின் மீதே சுத்தியல் மறுபடி விழும்போது நடப்பது. கம்பி எந்தப் பக்கம் வளைந்திருந்த கணத்தில் அடி விழுந்தது என்பதைப் பொறுத்து இரண்டாவது ஒலி தடித்தோ மெலிந்தோ வரும். ஒரே கட்டையை வேகமாகத் திரும்பத் திரும்ப வாசித்துப் பாருங்கள்: நல்ல ரோட்ஸில் எந்த இரண்டு ஒலிகளும் ஒன்றுபோல் இராது. சாம்பிளில் பழைய ஒலியின் மேல் புதிய ஒலி வந்து உட்கார்கிறது, அவ்வளவுதான்.

வுர்லிட்சர் வேறு குடும்பம். அதில் 64 எஃகு ரீடுகள் உண்டு. ரீடும் அதைச் சுற்றியுள்ள உலோகத் தட்டும் ஒரு மின்தேக்கியின் இரு முகங்களாக நிற்கின்றன. ரீடு அதிரும்போது இடைவெளி மாறுவதுதான் ஒலியாகிறது. நம் ஊர் ஹார்மோனியத்துக்குச் சுருதி கூட்டுபவர்கள் ரீடின் நுனியைச் சுரண்டிச் சுருதியை ஏற்றுவதையும், அடியைச் சுரண்டி இறக்குவதையும் பார்த்திருப்பீர்கள். வுர்லிட்சரிலும் அதே இயற்பியல்தான்: நுனியில் ஈயப்பற்று ஒரு துளி இருக்கும், அதை அராவினால் சுருதி ஏறும், கூட்டினால் இறங்கும். அமெரிக்கப் பாடகர் ரே சார்லஸ் வாசித்த அந்தக் கரகரப்பு, பலமாக அடிக்கும்போது ரீடு தன் இயல்பான எல்லையை மீறி வீசுவதால் பிறப்பது. மென்மையாக வாசித்தால் குழலைப்போல் இனிமையாக இருக்கும். இடைப்பட்ட பகுதி மிகக் குறுகலானது. அந்தக் குறுகலான பாதையில் விரல்களால் நடப்பதுதான் வுர்லிட்சர் வாசிப்பு.

என் குறை ஒலியைப் பற்றியதைவிடக் கட்டைகளைப் பற்றியது. ரோட்ஸின் கட்டை இயக்கம் எளிமையானது, சற்று மெத்தென்று இறங்குவது. வுர்லிட்சருடையது பியானோ செய்தவர்கள் அமைத்தது, சுத்தியல் விடுபடும் இடம் விரலுக்குத் தெரியும். ஆர்கனின் கட்டைக்கோ எடையே இல்லை. டிஜிட்டல் கருவியில் இம்மூன்று ஒலிகளும் ஒரே வரிசைக் கட்டைகளிலிருந்து வரவேண்டியிருக்கிறது. எடையுள்ள கட்டையாக இருந்தால் ஆர்கன் கெடும். எடையில்லாததாக இருந்தால் ரோட்ஸ் கெடும்.

கடற்கரைச்சாலை எழுதியது:

சென்னையிலிருந்து எழுதுகிறேன். பழைய ரீடு ஐயாவின் விளக்கத்தைப் படித்தபின் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. நான் கீபோர்டு கற்றுக்கொண்ட காலத்தில் எலக்ட்ரிக் பியானோ என்றால் எனக்குத் தெரிந்தது யமஹா டிஎக்ஸ்7-இன் ஒலி மட்டுமே. 1983-இல் வந்த அந்தக் கருவியில் டைனும் இல்லை, ரீடும் இல்லை, எஃப்.எம். முறையில், அதாவது ஓர் அலையால் இன்னோர் அலையின் அலைவெண்ணை மாற்றி, கணக்கிட்டு உருவாக்கிய ஒலி அது. ரோட்ஸை நினைவூட்டத்தான் செய்யப்பட்டது. ஆனால் கண்ணாடி மணியைப் போன்ற அதன் ஒலி யாருடைய நகலாகவும் எனக்குத் தோன்றியதில்லை. பிற்பாடு உண்மையான ரோட்ஸ் ஒன்றைக் கேட்டபோது, "இது ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது" என்றுதான் நினைத்தேன். இன்றைய டிஜிட்டல் கீபோர்டுகளில் ரோட்ஸுக்குப் பக்கத்திலேயே டிஎக்ஸ்7-இன் நகலும் தனி ஒலியாக இடம்பெற்றிருக்கிறது. ஒரு நகல் எந்தக் கட்டத்தில் தானே ஒரு கருவியாகிறது என்று இங்கே யாராவது எழுத வேண்டும்.

மேல்மாடம் அவர்களுக்கு ஒரு கேள்வி: உங்கள் சி-3-ஐ விற்பதாக இருந்தால் அதைச் சென்னைக்குக் கொண்டுவந்து வாசிக்க முடியுமா?

அலைவடிவம் எழுதியது:

கொண்டுவரலாம், ஆனால் சுருதி மாறிவிடும். அந்த மோட்டார் மின்சாரத்தின் அலைவெண்ணையே பின்பற்றிச் சுழல்கிறது. கனடாவில் 60 ஹெர்ட்ஸ், இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ். மின்னழுத்தத்தை மட்டும் மாற்றிக்கொடுத்தால் எல்லாச் சக்கரங்களும் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் சுழலும். ஒரு கட்டை சுருதியில் ('சி') இருக்க வேண்டிய ஒலி, கீழ் ஸ்தாயியின் ஆறு கட்டையில் ('ஏ') போய் நிற்கும். 60 ஹெர்ட்ஸ் தருகிற அலைவெண் மாற்றி ஒன்றை வைத்தால் சரியாகிவிடும். லெஸ்லியின் மோட்டார்களுக்கும் அதே மின்சாரத்தைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் சுழற்சி வேகம் குறையும். ஆர்கன், அமரும் பலகை, மிதிகட்டைகள் எல்லாம் சேர்ந்து 190 கிலோவுக்கு மேல் வரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இரவுமேடை எழுதியது:

கடற்கரைச்சாலையின் கேள்விக்கு ஹாமண்டின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. ஹாமண்டும் ஒரு நகலாகத்தான் பிறந்தது. குழல் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்களுக்கு அதற்கு மாற்றாக விற்கப்பட்டது. அந்த விளம்பரங்களை எதிர்த்து அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையத்தின் முன் வழக்கு வந்தது. 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராக்ஃபெல்லர் தேவாலயத்தில், 75,000 டாலர் மதிப்புள்ள ஸ்கின்னர் குழல் ஆர்கனையும் ஏறத்தாழ 2,600 டாலர் மதிப்புள்ள ஹாமண்டையும் மறைவில் வைத்து வாசித்து, எது எது என்று கேட்பவர்களைச் சொல்லச் சொன்னார்கள். தேர்ந்த இசைஞர்கள்கூடப் பல முறை தவறினார்கள். ஆனாலும் 1938-இல், குழல் ஆர்கனுக்கு இணையானது என்று விளம்பரம் செய்யக் கூடாது என ஆணையம் தீர்ப்பளித்தது. இன்று ஒருவரும் பி-3-ஐக் குழல் ஆர்கனின் மாற்றாக நினைத்து வாசிப்பதில்லை. குழல் ஆர்கனால் செய்ய முடியாதவற்றை, அதாவது அந்த 'டிக்'கையும் கசிவையும் லெஸ்லியின் சுழற்சியையும், வாசித்தவர்கள் கண்டெடுத்தார்கள். அப்போதுதான் அது தனிக் கருவியானது. டிஎக்ஸ்7-க்கும் அதுவே நடந்தது என்று நினைக்கிறேன். இன்றைய ஹாமண்ட் நகல்களுக்கு அது இன்னும் நடக்கவில்லை, ஏனென்றால் பி-3-ஐ மீறிய எதையும் அவற்றிடம் நாம் கேட்பதில்லை.

மேல்மாடம் தம்பி, அந்தச் சிகாகோ சோதனையை உங்கள் தேவாலயத்திலேயே சிறிய அளவில் செய்துபாருங்கள். டிஜிட்டல் கருவியை உங்கள் லெஸ்லியுடனும் இணைத்துக் கேட்க வேண்டும் என்பது முக்கியம்.

மேல்மாடம் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். அக்கா சொன்னபடியே செய்தோம். ஒற்றைத் தொடுமுனைக் கட்டைகள் கொண்ட டிஜிட்டல் ஆர்கன் ஒன்றைக் கடையிலிருந்து இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தோம். பாடகர் குழுவிலிருந்தும் நிர்வாகத்திலிருந்தும் ஒன்பது பேர் பீடத்தை நோக்கி அமர்ந்தார்கள். நான் பின்னால் மேல்மாடத்தில் இருந்து, ஒரே பாடலை ஒரே டிராபார் நிலையில் வாசித்தேன்.

முதலில் டிஜிட்டல் ஆர்கனின் சொந்த லெஸ்லி நகலைத் தேவாலயத்தின் ஒலிபெருக்கிகள் வழியாக விட்டேன். ஒன்பது பேரும் ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னார்கள். ஒரு மூதாட்டி, "ஒலி என் முன்னால் நிற்கிறது, என்னைச் சுற்றி வரவில்லை" என்றார். பிறகு அதன் லெஸ்லி நகலை அணைத்துவிட்டு, இடைப் பெட்டி ஒன்றின் மூலம் எங்கள் 122-உடன் இணைத்தோம். அதன்பின் விடைகள் குழம்பின. பாடகர் குழுவின் தலைவரே டிஜிட்டலை இருமுறை சி-3 என்றார். என் விரல்களுக்கு மட்டும் ஐயமில்லை. மெதுவாக இறக்கும் கட்டைகளிலும், விரலை உரசிக்கொண்டு போகும் இடங்களிலும் சி-3 எனக்குத் திருப்பிக் கொடுத்த ஒன்றை டிஜிட்டல் கொடுக்கவில்லை. அதைக் குழுவினரிடம் சொன்னேன். "நீர்தானே வாசிக்கிறீர், அது எங்களுக்கும் முக்கியம்" என்று பொருளாளர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

லெஸ்லியை எந்தக் காரணத்துக்காகவும் விற்பதில்லை என்று முடிவாகிவிட்டது. சி-3-உம் இருக்கட்டும், அடுத்த ஆண்டு மறுபடி பேசலாம் என்றார்கள். இளைஞர் குழுவுக்கு எடையுள்ள கட்டைகள் கொண்ட சிறிய டிஜிட்டல் பியானோ ஒன்றை வாங்குகிறோம். ரோட்ஸ், வுர்லிட்சர் ஒலிகள் அதில் போதுமான அளவு நன்றாக உள்ளன, எங்களிடம் ஒப்பிட மூலக்கருவிகளும் இல்லை.

இப்போது ஒரே கவலை. கடந்த சில மாதங்களாக சி-3-ஐத் தொடங்கும்போது கீச்சென்ற ஒலி எழுந்து, அரை நிமிடம் கழித்து அடங்குகிறது. ஆர்கனுக்குக் கடைசியாக எப்போது எண்ணெய் விட்டார்கள் என்பது தேவாலயத்தில் யாருக்கும் நினைவில்லை.

பழைய ரீடு எழுதியது:

நல்ல முடிவு, மகிழ்ச்சி. அந்தக் கீச்சொலியைத் தள்ளிப்போட வேண்டாம். ஆர்கனின் பின்பலகையைக் கழற்றினால், ஒலியாக்கியின் மேல் சிறிய புனல்களைப் போன்ற எண்ணெய்க் குழிகள் தெரியும். அவற்றிலிருந்து பருத்தி நூல்கள் ஒவ்வொரு தாங்கிக்கும் போகின்றன. நூல் எண்ணெயை உறிஞ்சி மெல்ல மெல்லக் கொண்டுசெல்லும். ஹாமண்டுக்கென்றே விற்கும் மெல்லிய எண்ணெயை மட்டும் பயன்படுத்துங்கள். தையல் இயந்திர எண்ணெயோ கார் எண்ணெயோ வேண்டாம், அவை நூலில் பிசினாக உறைந்துவிடும். மோட்டாருக்கும் அதனுடன் இணைந்த, ஒலிக்கு நடுக்கம் தரும் வைப்ரேட்டோ ஸ்கேனருக்கும் தனி இடங்கள் உண்டு. அவற்றுக்குச் சில துளிகள் போதும்.

நூல்கள் உலர்ந்து கிடந்திருந்தால் எண்ணெய் கடைசித் தாங்கி வரை போய்ச்சேர ஓரிரு வாரம்கூட ஆகலாம். அதுவரை நீண்ட நேரம் ஓட்டாதீர்கள். தொடங்கும்போது 'ஸ்டார்ட்' விசையை எட்டு நொடி பிடித்து, அதை விடாமலே 'ரன்' விசையைப் போட்டு, இன்னும் நான்கு நொடி கழித்து 'ஸ்டார்ட்'டை விடுங்கள். சக்கரங்கள் வேகம் பிடிக்காமல் நின்றுபோனால் மறுபடி முயலாமல் அணைத்துவிட்டு இங்கே எழுதுங்கள்.